அந்த நாற்காலியில் அன்று யாருமே இல்லை

நிர்வாகத்தினருக்கு,

வெள்ளிக்கிழமை எல்லோர் மேசைக்கும் வந்த சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டேன். கணக்குப் பிரிவில் என்னோடு வேலை செய்யும் சக ஊழியருக்கு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். வைரஸ் தாக்கிய கணினிகளைச் சரிசெய்த செலவில் ஒரு பங்கை அவர் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கப்போவதாக அதில் இருக்கிறது. கூடவே எல்லோருக்கும் ஓர் உறுதிமொழிப் படிவம். கவனக்குறைவால் கணினியில் வைரஸ் நுழைந்தால் அதனால் வரும் இழப்புக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள்.

நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை உங்கள் அறைக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்மேல் பழி விழுந்தது எல்லோர் முன்னாலும். அதனால் பதிலும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

அன்று காலை நான் அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். மணி 9:40 இருக்கும். வழக்கமாக நமக்குச் சரக்கு அனுப்பும் ஒருவரின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. நிலுவை பில் இணைக்கப்பட்டிருக்கிறது, சரிபார்க்கவும் என்று இரண்டே வரி. ஜிப் கோப்பு. அதற்குள் பிடிஎஃப் படம் போட்ட ஒரு கோப்பு. பில்லைத் திறந்து பார்ப்பதுதான் அவர் வேலை, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பில் திறப்பார். இதையும் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் க்ளிக் செய்தார். கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தது. ஏதோ தப்பு என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. முகம் மாறியதை நானே பார்த்தேன். ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் காத்திருந்தார்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று விசாரணையில் அவரைக் கேட்டீர்கள். அவர் தலைகுனிந்து நின்றார். அந்தப் பதிலை நான் சொல்கிறேன். போன வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் ஒருவர், தன் பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன என்று தானாகவே வந்து சொன்னார். மாதக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கவைத்து, பத்து நிமிடம் எல்லோர் முன்னாலும் திட்டினீர்கள். அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வைரஸ் வந்தால் வாயைத் திறக்காதே. அந்தப் பாடத்தின் விலைதான் இந்த 50 நிமிடம்.

ஏனென்றால் 10:30-க்குத்தான் எனக்குத் தெரிந்தது. பொது ஃபோல்டரில் மார்ச் மாதக் கணக்கைத் திறக்கப் போனேன். கோப்பின் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒட்டியிருந்தன, எக்செல் படம் போய் வெறும் வெள்ளைத் தாள் படம் வந்திருந்தது. இது என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கோப்பும் அப்படி மாறியது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் எழுந்து ஓடிப்போய், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கேபிள்களைப் பிடுங்கியதற்குள் 26 கணினிகளில் 11 போய்விட்டன. ஒவ்வொரு ஃபோல்டரிலும், பூட்டிய கோப்புகளைத் திறக்கப் பணம் கேட்டு ஒரு குறிப்பு.

9:40-க்கே அந்த ஒரு கேபிளை மட்டும் கழற்றியிருந்தால் ஒரு கணினியோடு முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். சொன்னால் திட்டு விழும் என்ற பயம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பார்.

இப்போது, சுற்றறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த 11 கணினிகளில் ஒன்று கிடங்கு அறையில் இருப்பது. அதில் வேலை செய்பவர் ஒரு வாரமாக விடுமுறையில் இருந்தார். லேபிள் பிரிண்டர் அதோடு இணைந்திருப்பதால் கணினியை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தோம். அன்று அந்த நாற்காலியில் யாருமே இல்லை. யாரும் மின்னஞ்சல் திறக்கவில்லை, பென் டிரைவ் செருகவில்லை, மவுஸைக்கூடத் தொடவில்லை. அப்படியிருந்தும் அது போய்விட்டது. யாருடைய கவனக்குறைவு என்று அதற்கு எழுதுவீர்கள்?

சரிசெய்ய வந்தவர் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு சொன்னதை நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். விண்டோஸ் 7-இல் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக அது நெட்வொர்க்கில் தானாகவே நுழைந்திருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. நம் கிடங்குக் கணினியில் அது இன்றுவரை ஏறவில்லை.

வைரஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் நியாயம் பேச முடியாது. வைரஸ் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும், யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால்தான் அதற்கு உயிர் வரும். வார்ம் என்கிற புழுக்களில் பலவற்றுக்கு மனிதக் கை வேண்டியதில்லை. அடைக்காத ஓட்டை ஒன்று இருந்தால் போதும், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே போய்விடும். நமக்கு வந்தது உள்ளே நுழையும்வரை முதல் வகை, நுழைந்த பிறகு இரண்டாவது வகை. முதல் கணினிக்கு ஒரு க்ளிக் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், கிடங்கு அறைக்கு அது போனதற்கு அந்த அப்டேட் ஏறாததுதான் காரணம்.

இது யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் கிடையாது. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு கிளம்பியது. அதன் அளவு வெறும் 376 பைட், இந்தப் பத்தியைவிடச் சிறியது. தாக்கக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. அதற்கான அப்டேட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவுக்கு அக்டோபரிலேயே மருந்து வந்துவிட்டது. அப்புறம் 2017 மே 12, வான்னாக்ரை. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், அதில் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளும் சேர்த்தி. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அது நுழைந்தது நம் கிடங்குக் கணினியில் இருக்கும் இதே ஓட்டை வழியாகத்தான். அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியும் போடாதவர்கள்தான் அன்று மாட்டினார்கள். நாம் இரண்டு மாதத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டோம்.

அப்டேட் ஏன் நின்றது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை அப்டேட் ஆன மறுநாள் பில் பிரிண்ட் வரவில்லை. மாதக் கடைசி வேறு. அரை நாள் வேலை நின்றது. உடனே எல்லாக் கணினியிலும் அப்டேட்டை நிறுத்தச் சொன்னீர்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றுதான் அப்போது பேச்சு. அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை, பில் போகாவிட்டால் பணம் வராது என்பது கணக்குப் பிரிவில் 16 வருடம் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா? ஆனால் திரும்ப யாருமே அதைத் தொடங்கவில்லை. இதைப் பற்றி நான் இரண்டு முறை எழுத்தில் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அந்தத் தாளை இப்போதும் என் மேசையில் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது, நம்மிடம் அது நான்கு கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 10, அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

ஆன்டிவைரஸ் கதையும் இதேதான். சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று தினமும் காலையில் திரையின் வலது மூலையில் ஒரு கட்டம் வரும். அதை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். மூடுவது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. ஆன்டிவைரஸுக்குப் புதிய வைரஸ்களின் அடையாளம் அன்றாடம் வந்துகொண்டே இருக்க வேண்டும், வராவிட்டால் அது பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு திருடனைத் தேடும் காவலாளி.

அந்த க்ளிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெமோ முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. கோப்பின் பெயரைச் சரியாகப் பார்த்திருந்தால் அது பில் இல்லை என்று தெரிந்திருக்குமே என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். விசாரணை முடிந்த பிறகு அவர் கணினியில் உட்கார்ந்து நான் பார்த்தேன். பெயரின் கடைசியில் கோப்பின் வகையைக் காட்டும் நீட்டிப்பை மறைத்து வைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. அந்த அமைப்பை யாரும் மாற்றவில்லை. அதனால் கோப்பின் பெயர் அவருக்கு டாட் பிடிஎஃப் என்றுதான் முடிந்தது. அதற்குப் பின்னால் இருந்த, இது ஒரு புரோகிராம் என்று காட்டும் டாட் இஎக்ஸ்இ திரையில் இல்லவே இல்லை. இல்லாததை எப்படிப் படிப்பார்? 2000 மே மாதம் காதல் கடிதம் என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய ஐ லவ் யூ புழு செய்ததும் இதே தந்திரம்தான். டாட் டிஎக்ஸ்டி என்று தெரிந்தது, அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் ஒளிந்திருந்தது. கணினிகளிலேயே புழங்குகிறவர்களும் அன்று அதைத் திறந்தார்கள். அந்த அமைப்பை மாற்ற ஒரு கணினிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பில் திறப்பதையே வேலையாகக் கொடுத்துவிட்டு, போலியை அடையாளம் காட்டும் ஒரே குறிப்பையும் மறைத்து வைத்துவிட்டு, திறந்ததற்குத் தண்டனை கொடுப்பது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

பேக்கப் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. சர்வரோடு எந்நேரமும் இணைந்தே கிடந்த ஒரு வெளி ஹார்டு டிஸ்க். சர்வருக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். சர்வரைப் பூட்டிய அதே கை அதையும் பூட்டிவிட்டது. நாம் பிழைத்தது எப்படி? மூன்று மாதம் முன்பு ஸ்கேனர் இணைக்க இடம் வேண்டும் என்று யாரோ ஒருவர் பழைய டிஸ்கைக் கழற்றி அலமாரியில் போட்டிருந்தார். அதுதான் காப்பாற்றியது. மீதி மூன்று மாதக் கணக்கை நாங்கள் ஆறு பேர் காகிதத்திலிருந்து திரும்பத் தட்டினோம், இரவு ஒன்பது மணிவரை, 19 நாள். அந்த ஆறு பேரில் நீங்கள் மெமோ கொடுத்தவரும் ஒருவர். எல்லோரையும்விட அதிகம் தட்டியது அவர்தான்.

2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற புழு தாக்கியபோது மேர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்துக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. நெட்வொர்க்குக்கே சாவி மாதிரியான சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோயின. கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் மின்வெட்டால் அந்த நேரம் அணைந்து கிடந்ததால் தப்பியது. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் மீட்டார்கள். இணைப்பில் இல்லாத ஒரு பிரதி எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைவிட யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு மின்வெட்டு, நமக்கு ஸ்கேனர். அடுத்த முறையும் இப்படி ஒன்று அமையும் என்று நம்பி உட்கார்ந்திருக்கலாமா?

பென் டிரைவுக்குத் தடை போட்டிருக்கிறீர்கள். அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஷார்ட்கட் வைரஸை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் திறந்தால் உள்ளே நம் கோப்புகள் பத்திரமாகத் தெரியும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் திறந்த அந்த நொடியிலேயே புழு கணினிக்குள் ஓடத் தொடங்கியிருக்கும். அடுத்து செருகும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஏறிக்கொள்ளும். என் மகள் பள்ளி வேலைக்காக யாரிடமோ வாங்கி வந்த பென் டிரைவிலிருந்து எங்கள் கணினிக்கு வந்தது அது. அடுத்த நாள் நான் அதே கணினியில் அலுவலகக் கணக்கை முடித்து, பென் டிரைவில் போட்டு இங்கே எடுத்து வந்தேன். நல்லவேளையாக இங்கே செருகுவதற்கு முன்பு அம்புக்குறி கண்ணில் பட்டது.

நான் ஏன் வீட்டில் வேலை செய்தேன்? மாதக் கடைசியில் வேலையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்வது நீங்கள். கொண்டு போக வேறு வழி எதுவும் கொடுக்காமல் பென் டிரைவை மட்டும் தடை செய்தால், மக்கள் சொந்த மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வார்கள், வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கணினிகளில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், படம் பார்க்கிறார்கள். சில வீடுகளில் விண்டோஸே திருட்டுப் பிரதி. அதை இயக்கும் கிராக்கை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வை என்று கிராக்கைக் கொடுப்பவனே சொல்லித் தருகிறான், அவன் உள்ளே எதை வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கணினிகளில்தான் உங்கள் சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் கணக்கும் திறக்கப்படுகின்றன. வீட்டில் ஓட்டை இருந்தால் அது அலுவலகத்துக்கும் ஓட்டைதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வீட்டில் செய்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தானாக அப்டேட் ஆகும்படி வைத்தேன். விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபெண்டரை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள், அதை மீண்டும் இயக்கினேன். மகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு. எனக்கும் அன்றாட வேலைக்கு அதே மாதிரி ஒன்று. குடும்பப் புகைப்படங்களுக்கு ஒரு தனி டிஸ்க், வாரம் ஒருமுறை செருகி நகல் எடுத்தவுடன் கழற்றிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது. இங்கே 26 கணினியிலும் எல்லோரும் அட்மினாகவே உட்கார்ந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் தெரியாமல் ஓட்டும் எந்த புரோகிராமுக்கும் அந்தக் கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. பொது ஃபோல்டரோ எல்லோருக்கும் முழுதாகத் திறந்து கிடக்கிறது. கணக்குப் பிரிவில் நுழைந்தது ஸ்டோர்ஸ் கோப்புகளைத் தொட்டது இதனால்தான்.

1988 நவம்பரில் மாரிஸ் புழு இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியபோது, கணினிகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு எங்கே சொல்வது, யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. அதே மாதம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற குழுவை அமைத்தார்கள். ஆபத்து என்றால் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நம் அலுவலகத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. இருப்பது மாதக் கூட்டம் மட்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

என் சக ஊழியருக்குக் கொடுத்த மெமோவை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். சம்பளப் பிடித்தம் முதல் தவணைக்கு முன்பே ரத்தாக வேண்டும். சுற்றறிக்கை எப்படி எல்லோர் மேசைக்கும் வந்ததோ அப்படியே இந்த ரத்தும் வரவேண்டும்.

உறுதிமொழிப் படிவத்தையும் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, சந்தேகம் வந்தவுடன் சொல்பவர்மீது எந்த நடவடிக்கையும் இருக்காது என்று நீங்கள் கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பு வேண்டும். அதிலேயே கூப்பிட வேண்டிய எண் ஒன்று, பொறுப்பான ஒருவர் பெயர். முதலில் கேபிளைக் கழற்று, வைஃபையை நிறுத்து, அப்புறம் கூப்பிடு என்ற வரியைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு கணினிப் பக்கத்திலும் ஒட்டுங்கள்.

அப்டேட்டை இந்த மாதக் கடைசிக்குள் மீண்டும் தொடங்க வேண்டும். பில் பிரிண்ட் நின்றுவிடும் என்ற பயம் இருந்தால், முதலில் என் கணினியில் போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் நான் அதில் பில் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன், பிறகு மற்றவற்றில் போடலாம். நான்கு விண்டோஸ் 7 கணினிகளையும் மாற்றுங்கள், மாற்றும்வரை அவை நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. விண்டோஸ் 10 கணினிகளை எப்போது மாற்றுவீர்கள் அல்லது மேம்படுத்துவீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள். ஆன்டிவைரஸ் சந்தாவை இந்த வாரமே புதுப்பியுங்கள்.

எல்லோர் கணக்கிலிருந்தும் அட்மின் உரிமையை எடுத்துவிடுங்கள், என்னுடையதிலிருந்தும். பொது ஃபோல்டரைப் பிரிவுவாரியாகப் பூட்டுங்கள். கோப்புகளின் நீட்டிப்பு தெரியும்படி எல்லாக் கணினியிலும் மாற்றுங்கள், இதை நானே ஒரு மாலையில் செய்து தரத் தயார்.

பேக்கப் இரண்டு டிஸ்கில் இருக்கட்டும். ஒன்று எப்போதும் கழற்றி, வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை உண்மையிலேயே மீட்டுப் பார்த்து, மீண்டது என்று ஒருவர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டில் வேலை செய்யச் சொல்லும் ஏழு பேருக்கும் அலுவலக லேப்டாப் கொடுங்கள். அது முடியாது என்றால், வேலையை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லாதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வரும்வரை படிவம் கையெழுத்தில்லாமல் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்